அத்தையின் வகிடு

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பைபிளின் 117-ஆம் சங்கீதம் வாரத்துக்கு மூன்று முறையாவது வாசிக்கப்பட்டது. காரணம் பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். 150 சங்கீதங்களில் அதுதான் ஆகச் சின்னது, இரண்டே வசனம். இரவு ஒன்பதரைக்குக் குடும்ப ஜெபத்துக்கு உட்காருவோம். வாசிப்பது பையனின் முறை என்றால் அவன் கை தானாக அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். "ஜாதிகளே, எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள்" என்று தொடங்கி, நாங்கள் காலை மடக்கிச் சரியாக உட்காருவதற்குள் "அல்லேலூயா" வந்துவிடும். அப்புறம் ஆளுக்கு ஒரு வரி ஜெபம். கர்த்தருடைய ஜெபத்தை பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர்களைச் சொல்வது போல ஒரே மூச்சில் ஒப்பித்து, ஆமென், விளக்கை அணை. மொத்தம் நான்கு நிமிடம். ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். பால் பொங்குவதற்குள் ஜெபம் முடிந்துவிட்டது. அதை ஒரு சாமர்த்தியமாகப் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது சேலம் கன்னங்குறிச்சியில். மொட்டை மாடிக்கு ஏறினால் சேர்வராயன் மலை எதிரே நிற்கும். ஏறுவது துணி காயப்போடத்தான். கைக்குக் கிளிப்பும் கண்ணுக்குக் கொடியும்தான் தெரியும், மலை தெரியாது. நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். 2017-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து என் மாதம் இரண்டு தேதிகளில் தொங்குகிறது: 11-ஆம் தேதி விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதி வரிக் கணக்கு. தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டுவது கட்சிக்காரர், பேச்சு வாங்குவது நான். வீட்டுக்காரர் பள்ளியில் தமிழாசிரியர். மகள் எட்டாவது, மகன் நான்காவது. மாமியார், அதாவது என் அத்தை, எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அப்பாயி.

இது போக சபைக் காரியங்கள் தனி. நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொருளாளரும் கூட. கணக்கு தெரிந்தவள் என்று ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் எந்தச் சங்கமும் விடாது. வீட்டுக்காரர் பாடகர் குழுவில் இருக்கிறார், டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் பொறுப்பும் அவர் தலையில்தான். மகளுக்குச் சனிக்கிழமை காலை இந்தி வகுப்பு, மாலை கீபோர்டு. சபையில் வாசிக்க ஆள் வேண்டுமே என்றுதான் கீபோர்டில் சேர்த்தோம். வீட்டுப் பிரச்சினைக்காக ஓடுகிறவனிடம் "ஏம்ப்பா இப்படி ஓடுறே" என்று யாராவது கேட்பார்கள். சபைக்காக ஓடுகிறவனுக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவார்கள்.

ஒருநாள் மகளின் ரஃப் நோட்டைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில் நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று ஐந்தைந்தாகக் கட்டுப் போட்டு எண்ணியிருந்ததைப் பார்த்தேன். என்னவென்று கேட்டால், காலை ஆறு மணியிலிருந்து ஸ்கூல் வேன் வரும்வரை நான் "சீக்கிரம்" சொன்ன கணக்காம். 31. "இதுல அப்பாயிகிட்ட சொன்னதைச் சேர்க்கலம்மா" என்றாள்.

கேரல் ரவுண்ட்ஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். திருச்சபை ஆண்டே அதில்தான் தொடங்குகிறது, அதுவும் காத்திருப்பதில். ஆனால் எனக்குத் தெரிந்து வருடத்தில் எந்த மாதமும் அந்த மாதம் போல ஓடாது. ஒரு வேன், ஒரு கிடார், ஒரு டிரம், சாண்டா உடைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு வாலிபன். இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் முடிய இரண்டு ஆகும். வீட்டுக்கு எட்டு நிமிடம்: ஒரு பாட்டு, ஒரு ஜெபம், கேக், டீ, காணிக்கைக் கவர், அடுத்த வீடு. தெருவாரியாக எக்ஸெல் தாளில் நேரம் போட்டு அச்செடுத்து வைத்திருப்பார் என் வீட்டுக்காரர். ஒரு வருடம் ஒரு வீட்டில், அந்த ஆண்டுதான் மனைவியை அடக்கம் செய்திருந்த பெரியவர் ஒருவர், "இன்னொரு பாட்டு பாடிட்டுப் போங்க தம்பி" என்று கேட்டிருக்கிறார். இவர் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். இன்னும் பதினாறு வீடு பாக்கி. பாடாமல் வந்துவிட்டார்கள். இதை அவர் என்னிடம் சொன்னது மூன்று வருடம் கழித்து. அதுவும் விளக்கை அணைத்த பிறகு.

போன திருவருகையின் முதல் ஞாயிறு. அந்த ஞாயிறுகளில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுவோம். எட்டரை மணி ஆராதனையில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றுவது எங்கள் குடும்பத்தின் முறை. அன்றைக்குப் பார்த்து மகனின் ஷூ ஒன்றைக் காணவில்லை. நாங்கள் கோயில் பக்கவாசலுக்கு வந்தபோது எட்டு இருபத்தெட்டு. காரை நிறுத்த இடம் தேட வேண்டும். அத்தையை மட்டும் இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாக, "அத்தை, நீங்க நடந்துக்கிட்டே இருங்க, சீக்கிரம், நாங்க வந்துடுறோம்" என்றேன். நான்கு படிதான். அவர் வழக்கமாக ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார். அன்று சுவரைப் பிடிக்கவில்லை. மூன்றாம் படியில் சேலை கொசுவம் காலில் மாட்டியது. விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மெழுகுவர்த்தியை வேறொரு குடும்பம் ஏற்றியது. நாங்கள் மருத்துவமனை பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, ஆறு வாரம். கையைத் தொங்கவிடக் கூடாது, விரல்களை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் செய்து காட்டினார். "எப்படி விழுந்தீங்க?" என்ற கேள்விக்கு அத்தை, "கண்ணு சரியாத் தெரியலீங்க" என்றார். அன்றைக்கும் சரி, அப்புறம் விசாரிக்க வந்த நாற்பது ஐம்பது பேரிடமும் சரி, நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

மறுநாள் திங்கள். காலை ஏழு மணிக்கு அத்தை சீப்போடு வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். கேட்கவில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம். அதுவரை அவர் தலையைத் தொட்டதில்லை. முடி இன்னும் பாதி முதுகு வரை இருக்கிறது. நரைத்து, மெலிந்து, நூல்கண்டு பிரிந்த மாதிரி. நான் மேல்படியில், அவர் கீழ்ப்படியில். முதல் நாள் அவசரத்தில் உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அவருடைய தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான், "நுனியிலேருந்து வா கண்ணு" என்றார். நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு நாலு விரற்கடை, அந்தச் சிக்கு விட்டதும் இன்னும் நாலு விரற்கடை மேலே, அப்படியே உச்சிவரை. பிடித்த கை இழுப்பைத் தாங்கிக்கொள்ளும், தலைக்கு வலி போகாது. தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு உச்சியில் வைக்க வேண்டும். சீப்பு முனையை மூக்குக்கு நேராக வைத்துப் பின்னால் ஒரே கோடாக இழுத்தால் வகிடு. கை பதறினால் கோடு கோணும், கலைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். அப்புறம் முறுக்கிச் சுற்றிக் கொண்டை, மூன்று ஊசி. பன்னிரண்டு நிமிடம். அதற்குக் குறைவாக முடித்த நாளெல்லாம் மதியத்துக்குள் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

வலது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் கிணற்றடியில் வாளி பட்டது என்றார். எந்த ஊர்க் கிணறு, யாருடைய வாளி, அதற்காக அவர் அப்பா யாரை அடிக்கப் போனார் என்ற கதை வெளிவர நாலு காலை ஆனது. பன்னிரண்டு நிமிடத்துக்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான் சொல்வார். கொண்டை ஊசி குத்தியதும் கதையை நிறுத்திவிடுவார்.

காலையில் பன்னிரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நான் முன்னதாக எழுந்திருக்கவில்லை, அந்த வழியெல்லாம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. இட்லிக்கு இரண்டு சட்னி என்றிருந்தது ஒன்றாயிற்று. பையனின் சட்டைக்குத் தினமும் இஸ்திரி போடுவது நின்றது. இரண்டையும் யாரும் கவனிக்கக்கூட இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்தத் திங்கள் இரவே குடும்ப ஜெபத்திலும் ஒரு மாற்றம். பையன் பழக்கதோஷத்தில் 117-ஐப் புரட்டினான். அத்தை இடது கையை நீட்டி வேதத்தை வாங்கி மடியில் வைத்து, இரண்டு பக்கம் தள்ளி, "இனிமே இது" என்றார். 119. வேதத்திலேயே நீளமான அதிகாரம், 176 வசனம். பையன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஒரு நாளைக்கு எட்டு வசனம்தான் சாமி" என்று சமாதானம் சொன்னார். சங்கீதங்களின் மூலமொழியான எபிரெயுவில் எழுத்துகள் 22. அந்தச் சங்கீதத்தில் எழுத்துக்கு எட்டு வசனமாக 22 பகுதிகள் இருக்கின்றன. அத்தைக்கு எபிரெயு எழுத்து பற்றித் தெரியாது, அவருடைய அம்மா அப்படிப் பிரித்து வாசிப்பாராம். டிசம்பர் முதல் தேதி ஆரம்பித்தோம். எண்ணிப் பார்த்தால் 22-ஆம் தேதி முடியும்.

எட்டாம் நாள் என் மகளுக்குக் கொண்டாட்டம். 60-ஆம் வசனம் வந்தது: "உமது கற்பனைகளைக் கைக்கொள்ளும்படி, நான் தாமதியாமல் தீவிரித்தேன்." உடனே பிடித்துக்கொண்டாள். "அப்பாயி! பாருங்க, பைபிளே சீக்கிரம்னுதான் சொல்லுது. அம்மா சொல்றது சரிதான்." அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "அது தாவீது ராசா சொன்னது கண்ணு. அவருக்கு மாவுக்கட்டா போட்டிருந்துச்சு?" என்றார். 119-ஐ எழுதியவர் பெயர் வேதத்தில் இல்லை என்று வீட்டுக்காரர் வாயெடுத்தார். நான் காலால் ஒரு இடி இடித்தேன்.

ஆனால் மகள் பிடித்த அந்தச் 'சீக்கிரம்' வீட்டுக்காரரை விடவில்லை. தமிழாசிரியர் அல்லவா, ஒரு சொல் மாட்டினால் எலும்பு கிடைத்த மாதிரி. இரண்டு நாள் கழித்து, நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நம் வேதத்தில் அவசரத்துக்கு இரண்டு சொல் இருக்கிறது என்றார். ஏசாயா 28:16-இல் "விசுவாசிக்கிறவன் பதறான்" என்று வருகிறது. ஆங்கில வேதத்தின் பழைய பதிப்பில் அந்த இடத்தில் அவசரப்படமாட்டான் என்ற பொருளில்தான் இருக்கிறதாம். தமிழில் 'பதறான்' என்று போட்டிருக்கிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்று ஊரில் சொல்கிற அதே பதற்றம். சங்கீதத்தில் வருவதோ 'தீவிரித்தேன்'. லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாளும் அப்படித்தான், "மலைநாட்டிலே யூதாவிலுள்ள ஒரு பட்டணத்திற்குத் தீவிரமாய்ப் போய்" எலிசபெத்தைப் பார்க்கிறாள். பிறந்த இயேசுவைப் பார்க்க மேய்ப்பர்களும் தீவிரமாய்த்தான் வருகிறார்கள். யாரும் பதறவில்லை.

"தீவிரத்துக்கு ஒரு திசை இருக்கு. பதற்றத்துக்குத் திசை கிடையாது" என்றார். வகுப்பில் இதை எழுதிப் போட்டுக் கோடு அடிப்பார் போலிருக்கிறது. பாத்திரத்தைக் கழுவி முடித்த பிறகு எனக்கு வேறொன்று தோன்றியது. மரியாள் தீவிரமாய்ப் போனாள், சரி. போனவள் எவ்வளவு நாள் இருந்தாள்? அதே அதிகாரத்தில் இருக்கிறது: ஏறக்குறைய மூன்று மாதம். கர்ப்பமாயிருந்த கிழவிக்கு ஒரு சின்னப் பெண் மூன்று மாதம் என்ன செய்திருப்பாள்? தண்ணீர் எடுத்திருப்பாள், மாவரைத்திருப்பாள், தலைவாரிவிட்டிருப்பாள். நாங்களும் எல்லா இடத்துக்கும் தீவிரமாய்த்தான் போகிறோம். போன இடத்தில் இருப்பதில்லை. எட்டு நிமிடம், அடுத்த வீடு.

இதைச் சொன்னதும் அவர் பேசாமல் போய் அந்த எக்ஸெல் தாளை எடுத்து வந்தார். இரவுக்கு நாற்பது வீடு என்றிருந்ததைப் பதினைந்தாகக் குறைத்து, விடுபட்டவர்களுக்கு ஜனவரியில் வருகிறோம் என்று தகவல் சொல்லலாம் என்று கமிட்டியில் வைத்தார். எடுபடவில்லை. எடுபடாததற்கு நியாயமும் இருந்தது. எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், காணிக்கைக் கவரை நம்பித்தான் ஏழைப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கிறார்கள். அவர் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் ஞாயிறு பள்ளியை வைத்துக்கொண்டு பொருளாளர் வேலையை விட்டேன். மகளின் இந்தியை நிறுத்தினோம். கீபோர்டை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு அவளே வேண்டாம் என்றாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

சும்மா விடுவார்களா? "அவங்க வீட்டுல இப்போ கொஞ்சம் பின்மாற்றம்" என்று ஒருவர் சொன்னதாக இன்னொருவர் வந்து சொன்னார். சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் காரம் தெரியாது. விசுவாசத்திலிருந்து வழுக்கிப் பின்னால் போய்விட்டார்கள் என்று அர்த்தம். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. வேகத்தைக் குறைத்தால் மனசு லேசாகும் என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு வாரத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஏற்காட்டுக்குப் போனோம். நாகலூர் பக்கம் அத்தையின் தங்கை, எனக்குச் சின்ன அத்தை, இருக்கிறார். "கை சரியாகுற வரைக்கும் அக்காவைக் கொண்டாந்து விடுங்க" என்று பத்து வருடமாக ஏதாவது ஒரு சாக்கில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறவர். முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற வீட்டுக்கு நாங்கள் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கினால் கொண்டை ஊசி வளைவுகள் 20. பையன் ஒவ்வொன்றாக எண்ணினான். மேலே ஏறியதும் காது அடைத்துத் திறந்தது. கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர்.

வழியில் வீட்டுக்காரர், பெர்சிவல் என்ற பாதிரியார் 1882-இல் இந்த ஏற்காட்டில்தான் காலமானார் என்று ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதத்தைத் தமிழாக்கியவர். சைவத்தில் ஊறிய நாவலரும் வெள்ளைக்காரப் பாதிரியும் வருடக்கணக்கில் ஒரே மேசையில் சொல் சொல்லாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. 1850-இல் அச்சான அந்த மொழிபெயர்ப்பு சபைகளில் நிலைக்கவில்லை. ஹென்றி பவர் என்ற பாதிரியார் தலைமையில் ஒரு குழு மறுபடி உட்கார்ந்து 1871-இல் முடித்ததைத்தான் நாம் இன்றும் கையில் வைத்திருக்கிறோம். பெர்சிவலோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-இல் வெளியிட்டுவிட்டுத்தான் போனார். அவர் உழைப்பு வீண்தானே என்று மகள் கேட்டாள். பதினான்காவது வளைவு வந்ததால் பதில் சொல்லாமல் அவர் கியரை மாற்றினார்.

சின்ன அத்தையின் தோட்டம் இரண்டு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில் காப்பிச்செடி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். இந்தச் செடியிடம் அவசரம் செல்லாது. நட்டால் மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் காய்ப்பு. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்ய வேண்டும், அதற்குப் பெயரே பூ மழை. பெய்து எட்டு பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூ பழமாகச் சிவக்க எட்டு ஒன்பது மாதம். நாங்கள் போனது பறிப்புக் காலம். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். "செவந்ததை மட்டும் திருகி எடுங்க. பச்சைக்கு அப்புறம் வருவோம்" என்றார் சின்ன அத்தை. ஒரு செடிக்கே மூன்று நான்கு முறை வர வேண்டுமாம்.

பையன் அக்காவோடு போட்டி போட்டு, கொத்தைப் பிடித்து ஒரே உருவாக உருவிக் கால் மணி நேரத்தில் பக்கெட்டை நிரப்பிவிட்டான். சின்ன அத்தை திட்டவில்லை. சாக்கை விரித்து அதைக் கொட்டி, உட்கார்ந்து பச்சையைப் பொறுக்க ஆரம்பித்தார். "இதைச் சேர்த்தா காப்பி தொண்டையைப் பிடிக்கும் சாமி." அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்து பொறுக்கினான். பறிக்க எடுத்ததைவிடப் பொறுக்க மூன்று மடங்கு நேரமாயிற்று. அவர் பழத்தை முழுசாகவே களத்தில் காயப்போடுகிறார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். பகலில் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் பனி இறங்குமுன் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் மூட வேண்டும். ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்கினால் உள்ளே கொட்டை கடகடக்கணும், அதுதான் பதம். அத்தை மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கி, தங்கையின் காதருகே கொண்டுபோனார். இரண்டு கிழவிகளும் சிரித்த சிரிப்பை எதற்கென்று எங்களுக்குச் சொல்லவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய எஸ்டேட். அங்கே பறிக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. அவர்கள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்தேன். சிவப்பை மட்டும்தான் எடுக்க வேண்டும், ஆனால் வேகமாகவும் எடுக்க வேண்டும். அவர்களிடம் போய் விசுவாசிக்கிறவன் பதறான் என்று நான் சொல்ல முடியாது. செவ்வாய்ப்பேட்டையில் ஜோடிக்கு இவ்வளவு என்று கொலுசு பற்ற வைக்கிறவரிடமும் முடியாது. நான் விட்டதெல்லாம் ஒரு சட்னி, ஒரு பதவி, ஓர் இந்தி வகுப்பு. இவற்றை விட்டும் என் சம்பளம் குறையவில்லை. அத்தையின் கைக்காக எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா நாங்கள் ஏற்காடு கிளம்பும்வரை தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தார். அவர் அடுத்த வீட்டுக்கு ஓடிப்போனதைப் பார்த்த பிறகுதான் அதற்குச் சம்பளம் கூட்ட வேண்டும் என்று எனக்கு உறைத்தது.

ஜனவரி முதல் தேதி ஆராதனைக்கு முந்தின நாளே இறங்கிவிட்டோம், அத்தையை அங்கேயே விட்டுவிட்டு. இறங்கும்போது ஒரு வளைவில் வெளியூர் கார் ஒன்று ஓரமாக நின்றது. சக்கரத்திலிருந்து ரப்பரும் இரும்பும் கருகின வாடை. பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, அந்தக் குடும்பம் மதில்மேல் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தது. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கு என்பது இந்த ரோட்டில் எல்லா டிரைவரும் சொல்கிற பாடம். எங்கள் ஆளும் முதல் வருடம் கார் வாங்கியபோது இதே போல் நின்றிருக்கிறார். இந்த முறை இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே இறங்கினோம். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பதால் வளைவுக்கு வளைவு நின்றோம். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நானாக இருந்தால் நானும் அடித்திருப்பேன்.

பொங்கலுக்கு முன்பு அத்தையைக் கூட்டிவந்து கட்டைப் பிரித்தோம். கை மெலிந்து, தோல் உரிந்து, யாருடைய கையோ போல இருந்தது. வெந்நீரில் வைத்து விரலை மடக்கிப் பழகினார். ஒரு வாரத்தில் சீப்பைப் பிடிக்க முடிந்தது. "இனிமே நானே பாத்துக்குவேன் கண்ணு" என்றார். ஆனாலும் மறுநாள் காலை ஏழு மணிக்குச் சீப்போடு வாசல்படியில் இருந்தார். அதற்கு மறுநாளும். நானும் மேல்படியில் உட்கார்ந்தேன். கிணற்றடிக் கதை முடிந்து, அவருடைய கல்யாணத்துக்கு மழை பெய்த கதை வரை வந்திருந்தோம்.

20-ஆம் தேதி வந்தது. முந்தின இரவு போர்ட்டல் படுத்துவிட்டது, ஒன்பது கட்சிக்காரர்களின் கணக்கு பாக்கி. காலை ஆறரைக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அத்தை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தை, இன்னைக்கு முடியாது, இருபதாம் தேதி" என்றேன். "போயிட்டு வா கண்ணு" என்றார்.

இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பினேன். பையன் சங்கீதம் 117-ஐ எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தது. வகிடு நெற்றியிலிருந்து கிளம்பி நடுவில் வளைந்து இடது காது பக்கமாகப் போயிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டுச் சீப்பைத் தேடினேன்.